நல்லாத்தான் இருக்கு, நமக்குத்தான் எடமில்ல

"அநியாயம் நடந்தது மகேஸ்வரி அக்காவுக்குண்ணே, எனக்கில்ல. அத மொதல்லயே தெளிவாச் சொல்லிப்புடுறேன், பின்னாடி யாரும் மாத்திப் பேசக் கூடாது. பொறந்து அஞ்சே நாளான பச்ச மண்ணு. அதுக்குப் போயி இருவத்திரெண்டு வருசத்துப் பழந்துணிய மூட்ட கட்டிக் குடுத்துவிட்டா அதுக்கு என்னண்ணே பேரு? தானமா? தர்மமா? எங்க வீட்டுல அதுக்குப் பேரு பாசம்! ... இருங்கண்ணே. நீங்க என்ன சொல்ல வாரீகன்னு எனக்குத் தெரியும். செத்த நேரம் பொறுங்க, நான் முழுசாச் சொல்லிர்றேன்."

எரியோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூன்று தெருவில் விசாரித்து, நான்காவது தெருவில் கண்டுபிடித்து வந்திருந்தாள் பவித்ரா. எம்.ஏ. சமூகவியல், இரண்டாம் வருஷம். காலை வகுப்பு இரண்டை வெட்டிவிட்டு வந்த முகத்தில் வியர்வையும் நியாயமும் சம அளவில் வழிந்தன. தோளில் புத்தகப் பை. கையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் வாளி. எதிரே கருப்புசாமி. டிவிஎஸ் ஃபிப்டியில் குடமும் வாளியும் கட்டிக்கொண்டு திண்டுக்கல் தெருக்களில் பழைய துணிக்குப் பிளாஸ்டிக் சாமான் மாற்றுகிறவர். கொட்டகைக்குள் இடுப்புயரத் துணிக் குவியலின் முன்னால் சம்மணமிட்டு, சட்டைகளில் பொத்தான் அறுத்துக்கொண்டிருந்தார். பொத்தான் போன பருத்தித் துணியெல்லாம் பட்டறைகளுக்குப் போகும், எண்ணெய் துடைக்க. அவளைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்திருந்தார். அது அவருடைய முதல் முயற்சி.

"எங்கம்மாவ ஒங்களுக்குத் தெரியும்ல? பேச்சாயி. நெட்டையா, வாசல்ல நின்னு ஒரு பழைய சேலைக்கு மூணு டப்பா கேக்கும்ல, அதேன். அது ஒங்ககிட்டப் போடுறதெல்லாம் கொசுறுண்ணே. அசல் சரக்கு அம்புட்டும் பின்னாடி லைன் வீட்டுக்குத்தான் போகும், மகேஸ்வரி அக்காவுக்கு. ஆறு வருசமா அந்த அக்கா அங்க வாடகைக்கு இருக்கு. பாவம், பூ கட்டிப் பொழைக்குது. எங்கம்மா இருக்கே, அது தன் வாழ்நாள்ல ஒரு சாமானக் குப்பையில போட்டதே கெடையாது. ஒண்ணுகூட! ஒரு பொருளு ஒடஞ்சு, ஓஞ்சு, உசுரு போயி, இனி கடவுளே வந்தாலும் ஓடாதுன்னு ஆச்சுன்னு வைங்க, அதத் தொடைச்சு, பொட்டு வைக்காத கொறையா எடுத்துட்டுப் போயி நீட்டும். 'இந்தா மகேஸ்வரி, வச்சுக்க. நல்லாத்தான் இருக்கு, நமக்குத்தான் எடமில்ல.' எடமில்லையாம்! நாலு ரூம் வீடு எங்க வீடு. அந்த அக்காவுக்கு ஒரே ரூமு. எடம் யார்கிட்ட இருக்கு, சொல்லுங்க பாப்போம்?

"டேபிள் ஃபேன் ஒண்ணு குடுத்துச்சு. நாலாம் நம்பர்ல மட்டும் சுத்தும். நிறுத்தணும்னா கரண்டு ஆபீஸ்காரங்கதான் மனசு வைக்கணும். மிக்ஸி குடுத்துச்சு, மூடி இல்லாம. 'மேல ஒரு தட்ட வச்சு அமுக்கிக்கிட்டாப் போதும்'னு உபதேசம் வேற. அந்த அக்கா அமுக்கி, தட்டு பறந்து, செவுரெல்லாம் தேங்காச் சட்னி. ஸ்வெட்டர் குடுத்துச்சுண்ணே, ஸ்வெட்டர்! கொடைக்கானல் போனப்ப வாங்குனது. எப்பக் குடுத்துச்சுங்கிறீக? சித்திரையில. திண்டுக்கல்லுல. ரோட்டுல தாரு இளகுற மாசத்துல! மூணு வருசத்துக்கு முந்தின காலண்டர் குடுத்துச்சு. ஏம்மா, தேதி போயிருச்சேன்னேன். 'சாமி இருக்குல்லடி'ங்குது. நான் ஒரு நா நேருக்கு நேராவே கேட்டேண்ணே. ஏம்மா, ஒரே சாமான், நம்ம வாசலத் தாண்டித் தொட்டிக்குப் போனா குப்பை, பின்வாசலத் தாண்டி லைன் வீட்டுக்குப் போனா புண்ணியமா? அந்த அக்கா என்ன, நமக்கு முனிசிபாலிட்டியான்னு. அதுக்கு என்ன பதில் தெரியுமா? 'ஒன் வாயிக்கு ஒரு மூடி இருந்தா அதையும் குடுத்துருப்பேன்'னுச்சு.

"சோபா கதையக் கேளுங்க... இல்லண்ணே, இது முக்கியம். இதக் கேட்டாத்தான் பின்னாடி உள்ளது வெளங்கும். எங்க வீட்டு சோபாவுல ஒரு காலு போச்சு. மூணு காலு சோபா மகேஸ்வரி அக்காவுக்கு. நாலாவது காலுக்கு ஒரு செங்கல்லையும் சேத்தே குடுத்துச்சு, அந்தத் தாராளத்தச் சொல்லணும். சரி, போச்சுன்னு விட்டோம். போன ஆவணில என்னையப் பொண்ணு பாக்க வாராகன்னாங்க. நான் வேணாம்னு தலகீழா நின்னேன், அது தனிக் கத. எங்கம்மா காலையில நேரா லைன் வீட்டுக்குப் போயி, 'மகேஸ்வரி, அந்த சோபாவ ரெண்டு நாளைக்குக் குடு, வாரவுகளுக்கு உக்கார ஒண்ணு வேணும்ல'னு கேட்டுச்சே பாக்கணும்! குடுத்தத வாங்கிட்டு வருது, செங்கல்லோட! மாப்பிள்ளையோட சித்தப்பா, நல்ல கனத்த ஆளு, சரியா அந்தச் செங்கல் பக்கமா உக்காந்தாரு. காப்பியக் கையில வாங்குனாரு. சாஞ்சாரு. முடிஞ்சது! சம்பந்தமும் அந்தப் பக்கமாவே சாஞ்சிருச்சு. அந்தச் செங்கல்லுக்கு நான் மாலை போட்டிருக்கணும்ணே, போடல. மறுநா சோபா திரும்ப லைன் வீட்டுக்கு. 'நல்லாத்தான் இருக்கு, நமக்குத்தான் எடமில்ல.'"

கருப்புசாமி சிரித்துவிட்டார். சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லிவிடலாம் என்று, "அதில்ல தாயி" என்று ஆரம்பிக்கவும் செய்தார்.

"சிரிக்காதீகண்ணே. இதுக்கு மேலதான் ஒங்க பங்கு வருது.

"மகேஸ்வரி அக்காவுக்கு இது மூணாவது பேறு. முன்ன ரெண்டும் தங்கல. ஒண்ணு ஏழாம் மாசத்துலயே போச்சு. இன்னொண்ணு பொறந்து, நல்லாப் பாலு குடிச்சு, நாங்கெல்லாம் போயி மடியில வச்சுக் கொஞ்சி... பதினோராம் நாளு போச்சு. அதுக்குப் பெறகு அந்த அக்கா ரெண்டு வருசம் சரியாப் பேசல. பூ மட்டும் கட்டும். இப்பப் போன வாரம் செவ்வாக்கெழம பொண்ணு பொறந்துருக்கு. வெள்ளிக்கெழம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாக. நான் சனிக்கெழம ஹாஸ்டல்ல இருந்து வந்து காலுகூடக் கழுவல, எங்கம்மா ஒரு மஞ்சப் பையக் கையில திணிக்குது. 'இத மகேஸ்வரிகிட்டக் குடுத்துரு, மறக்காமக் குடுத்துரு.' தொறந்து பாக்குறேன். அந்துருண்டை வாட. ரெண்டு நைஞ்ச தொட்டில் சேலை, நாலு வேட்டித் துண்டு, ஒரு பிள்ளைச் சட்டை. சட்டையா அது? மஞ்சளா இருந்து வெளுத்துப் போன கலரு. நெஞ்சுல ஒரு வாத்து தச்சிருக்கு, வாத்துக்கு ஒரு கண்ணு நூலு பிரிஞ்சு தொங்குது. பின்னாடி கட்டுற நாடா ரெண்டுல ஒண்ணக் காணோம். கழுத்துகிட்டப் பாலு கறை. அம்புட்டும் நான் போட்ட துணிண்ணே! நான் கைப்புள்ளையா இருந்தப்ப!

"எனக்கு எப்புடி இருந்துருக்கும்? ரெண்டு புள்ளையத் தொலைச்சவ, மூணாவதா ஒண்ணப் பெத்து வந்துருக்கா. அதுக்கும் நம்ம வீட்டுக் கழிவுதானா? பொறந்த ஒடனேயே ஆரம்பிச்சுட்டீகளா? ஃபேன் ஒரு தலமொற, துணி அடுத்த தலமொறையான்னு வெறி வந்துருச்சு. வீட்டுக்குள்ளயே கேட்டிருக்கலாம்தான். ஆனா பாருங்க, ஒரு நா இல்லாட்டி ஒரு நா இத வாயாலயில்ல, செயலாக் காட்டணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு. பையத் தூக்கிட்டுக் கெளம்புனேன். தெரு மொனைக்கு வாரேன்... யாரு நிக்கிறா? நீங்கதேன்! 'பழைய துணி, பழைய சேலை'ன்னு ரோஜாப்பூக் கலருல குடத்த அடுக்கிக்கிட்டு!

"நீங்க ஏண்ணே அன்னைக்கு அங்க நின்னீக? வேற தெருவே இல்லையா திண்டுக்கல்லுல? சரி நின்னீக. ஒரு படிச்ச புள்ளை கோவமா வந்து பையோட நீட்டுனா, ஏத்தா, வீட்டுல கேட்டியான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீகளா? ... கேட்டீகளா? ... ஆமா, கேட்டீக. கேட்டீகதான். 'ஒனக்கென்ன, குடுக்கிறத வாங்கிக்க'ன்னு நான்தான் சொன்னேன். அதுமட்டுமா, நீங்க இதுக்குத் தண்ணி மோக்குற மக்கு ஒண்ணுதான் வரும்னீக. நான் விட்டேனா? பருத்தி என்ன, கனம் என்ன, ஒழைப்பு என்னன்னு கால் மணி நேரம் வாதாடி வாளி வாங்கினேன். பக்கத்துல நின்ன பொம்பளைக அத்தன பேரும் வாயப் பொளந்து பாத்தாக. எனக்கு அன்னைக்கு இருந்த பெருமை இருக்கே!

"நேராக் கடைவீதிக்குப் போனேன். ஸ்காலர்ஷிப் காசுல புத்தம்புதுக் கவுனு ஒண்ணு வாங்கினேன். ரோஸ் கலரு. கீழ மூணு சுத்து லேசு, இடுப்புல பெல்ட்டு, பெல்ட்டுல ஒரு பூ. டப்பாவுக்குள்ள, கண்ணாடித் தாளு போட்டு. கையில டப்பா, இன்னொரு கையில வாளி. லைன் வீட்டுக்குள்ள நொழையிறேன், ஆளா இருக்கு. அக்காவோட மாமியா மாயக்கா இருக்கு, பக்கத்து வீட்டு ஆளுக ஏழெட்டுப் பேரு. கூட்டத்தப் பாத்தா நான் எப்புடிண்ணே சும்மா இருப்பேன்? ஆரம்பிச்சேன். 'இன்னையோட முடிஞ்சது! இனி இந்தப் புள்ளைக்கு யாரும் பழசக் குடுக்க விடமாட்டேன், எங்கம்மாவா இருந்தாலும் சரி. எச்சத் துணி போட்டு வளர இது என்ன அனாதையா? எங்கம்மா குடுத்த மூட்டைய வாளிக்காரர்கிட்டப் போட்டுட்டுத்தான் வந்துருக்கேன், இந்தா வாளி!'ன்னு தூக்கிக் காட்டுனேன், சுழற்கோப்பை வாங்குனவ மாதிரி.

"ஒருத்தர் கை தட்டல.

"மாயக்கா அந்த டப்பாவத் தொடக்கூட இல்ல. எல்லாரும் மகேஸ்வரி அக்காவப் பாக்குறாக. அது என்னையப் பாக்குது. 'பைய எங்க பவித்ரா?'ங்குது. இப்பத்தானக்கா சொன்னேன், போட்டுட்டேன்னு. 'சட்டை?' சட்டையும்தான். அம்புட்டுத்தேன். புள்ளைய எடுத்து முந்தானைக்குள்ள சுத்திக்கிருச்சு. அப்பத்தான் பாத்தேன், புள்ளை ஒடம்புல ஒரு துணி இல்ல. அந்தப் பைக்காகவே வச்சுக்கிட்டு இருந்துருக்காக!

"எனக்கு எப்புடிண்ணே தெரியும்? பொறந்த புள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, நல்லா வளந்த புள்ளை போட்ட பழசத்தான் கேட்டு வாங்கிப் போடணும், அப்பத்தான் அது மாதிரியே இதுவும் தங்கி நிக்கும்னு இவுகளுக்கு ஒரு கணக்கு. ஏழாம் மாசத்துல வெத்தல பாக்கு வச்சு மகேஸ்வரி அக்காவே எங்கம்மாகிட்ட வந்து கேட்டுச்சாம். எங்கம்மாவும், இதுல மட்டும் எடமில்லன்னு ஒரு வார்த்த சொல்லாம, பரண்ல ஏறிப் பெட்டி பெட்டியாக் கொடஞ்சு, தொவைச்சுக் காயப் போட்டு எடுத்து வச்சிருக்கு. அப்ப நான் ஹாஸ்டல்ல இருக்கேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? என்கிட்டச் சொல்ல மாட்டாகளாம். சொன்னா நான் மூடநம்பிக்கைன்னு ஒரு மணி நேரம் பேசுவேனாம். பேசத்தான் செய்வேன்! மூடநம்பிக்கைதான அது! ஒரு சட்டைக்கும் உசுருக்கும் என்ன சம்பந்தம்? சுத்தம், தடுப்பூசி, தாய்ப்பாலு... இதெல்லாந்தான புள்ளையக் காப்பாத்தும்? நான் சொல்றது தப்பா? தப்புன்னா சொல்லுங்க. ... இல்ல இல்ல, இப்ப வேணாம், முடிச்சிர்றேன்."

வாயைத் திறந்த கருப்புசாமி, திறந்த வாயில் ஒரு வெற்றிலையைப் போட்டுக்கொண்டார். பவித்ரா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் குவியலிலிருந்து ஒவ்வொரு துணியாக உருவி, உதறிப் பார்த்து, பின்னால் எறியத் தொடங்கினாள். பேச்சு நிற்கவில்லை; சத்தம் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

"அன்னைக்கே ஓடி வந்து ஒங்ககிட்டக் கேட்டிருக்கலாம்தான். ஏன் வரலன்னு கேக்குறீகளா? வந்தா நான் தோத்த மாதிரி ஆயிரும்ல! அம்புட்டுப் பேரு முன்னாடி பேசிட்டு, சாயங்காலமே மூடநம்பிக்கையத் தேடிட்டுத் தெருத்தெருவா அலைஞ்சா நல்லாவா இருக்கும்? எங்கம்மா எதுவுமே திட்டல. அதுதான்ணே தாங்கல. எதுத்துப் பேசுறதுக்கு ஒரு வார்த்தையாச்சும் கெடைக்கணும்ல? சோத்தப் போட்டுட்டு அந்தப் பக்கமாத் திரும்பிக்கிருச்சு.

"ஞாயித்துக்கெழம காலையில திரும்ப லைன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேக்கன்னு எல்லாருக்கும் சொல்லிக்கிறேன், ஆனா உண்மையாப் போனது வாதத்த முடிக்கத்தான். அக்கா, நல்லா யோசிச்சுப் பாரு, இத்தன வருசமா எங்கம்மா ஒன்னயக் குப்பைத் தொட்டியாத்தான் வச்சிருந்துச்சு, அந்த ஃபேனு, அந்த மிக்ஸின்னு அடுக்கினேன். அது பூ கட்டிக்கிட்டே கேட்டுச்சு. கேட்டுட்டுச் சொல்லுது, 'ஃபேன என் தம்பி வந்து சரி பண்ணி ஆத்தூருக்குக் கொண்டு போயிட்டான். மிக்ஸிக்கு நாப்பது ரூவாயில மூடி வாங்கிட்டேன். ஸ்வெட்டரப் பிரிச்சு நூலாக்கிச் சாமி படத்துக்கு மால கட்டிட்டேன். வேணாங்கிறத நான் அன்னைக்கே வேணாம்னு அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டுருவேன் பவித்ரா. ஒங்கம்மாகிட்ட நானா வாயத் தொறந்து கேட்டது ஆறு வருசத்துல ஒண்ணே ஒண்ணுதான்'னு. சொல்லிட்டு ஒரு பூவ வச்சு முடிச்சுப் போட்டுச்சு.

"அப்பவும் நான் விடலண்ணே. சரிக்கா, பழசுதான வேணும்? எங்க வீட்டுல நாங்க நாலு புள்ளைக. எங்கண்ணன் மூணு பேரு சட்டையும் பெட்டியில கெடக்கு, பாரம் பாரமா நல்லா வளந்துருக்கானுக. அதுல ஒண்ண எடுத்தாரேன். துணி துணிதானன்னு கேட்டேன். தர்க்கப்படி சரியான கேள்விதான? இதுக்கு என்ன பதில் வருதுன்னு பாப்போம்னு கையக் கட்டிக்கிட்டு நின்னேன்.

"அது நிமிந்து பாத்துச்சு. 'அந்த மூணையும் ஒங்கம்மா அன்னைக்கே எடுத்துக் காட்டுனாக. நான்தான் வேணாம்னு ஒன்னோடதக் கேட்டு வாங்கினேன். என்னைய எட்டாவதோட நிறுத்துனப்ப நான் ஒரு வார்த்த பேசல. இங்க கட்டிக் குடுத்தப்பப் பேசல. அந்த ரெண்டாவது புள்ளைய நோவு கண்ட மொத நாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்னு எனக்குத் தோணுச்சு, பெரியவுக வேணாம்னாக, அப்பவும் பேசல. நீ எல்லாத்துக்கும் பேசுற. தப்பாப் பேசினாலும் பேசுற. இவளும் தங்கி, ஒன்னய மாதிரி வாயோட வளரணும்னுதான் ஒஞ் சட்டையக் கேட்டேன்' அப்புடின்னுச்சு."

இரண்டு கையிலும் யாருடையதோ ஒரு பாவாடையைப் பிடித்தபடி பவித்ரா நிறுத்தினாள். அவள் வந்து முக்கால் மணி நேரத்தில் முதன்முறையாகக் கொட்டகை அமைதியானது. கருப்புசாமி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிமிர்வதற்குள் அது முடிந்தும் போனது.

"அதுக்கு எதுத்து நான் என்னண்ணே பேசுறது? நீங்களே சொல்லுங்க. ஹாஸ்டலுக்குப் போயிட்டேன். நாலு நாளா வீட்டுக்குப் போன் பண்ணல. நாளைக்கு வெள்ளிக்கெழம. நாளைக்கு அந்தப் புள்ளைக்குப் பதினோராம் நாளுண்ணே. எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. இப்பவும் இல்ல, எழுதி வேணும்னாலும் தாரேன். ஆனா நாளைக்கு ராத்திரி வரைக்கும் அந்த அக்கா புள்ளைய வெறும் முந்தானையில சுத்தி வச்சுக்கிட்டு, மூச்ச எண்ணிக்கிட்டு உக்காந்துருக்கும். அந்தப் பயம் மூடநம்பிக்கை இல்லைல? அது நான் குடுத்தது. எங்கம்மா ஆறு வருசமா எத எதையோ குடுத்துச்சு, ஒண்ணும் அந்த அக்காவ அழ வைக்கல. நான் ஒரே ஒரு தடவ குடுத்தேன், புதுசா, டப்பாவோட.

"இந்தாங்க வாளி. ஒரு சொட்டுத் தண்ணிகூடப் புடிக்கல. கூட எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க, வாதாட மாட்டேன். எண்ணெய் தொடைக்கப் பட்டறைக்கு அனுப்பிட்டீகன்னா எந்தப் பட்டறைன்னு சொல்லுங்க, நான் போயிக் கேட்டுக்கிறேன். கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல. வாத்து இருந்தாப் போதும். ... என்னண்ணே அப்புடிப் பாக்குறீக? நான்பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், நான் வந்ததுல இருந்து நீங்க ஒரு வார்த்த சொன்னீகளா? வாயத் தொறந்து ஏதாச்சும் சொல்லுங்க!"

கருப்புசாமி எழுந்தார். கொட்டகை ஓரம் போய் வெற்றிலையைத் துப்பினார். வாயைக் கொப்பளித்தார். திரும்பி வந்து, அவள் வேறு எதையும் ஆரம்பிக்கவில்லை என்று உறுதியாகத் தெரிகிற வரை ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்.

"முடிச்சிட்டியா தாயி? திங்கக்கெழம விடிஞ்சதுமே ஒங்கம்மா வந்துட்டாக. நான் பைய அவுக்கவே இல்ல, அப்புடியே குடுத்துவிட்டேன். வந்ததும் ஒன்கிட்டச் சொல்லிரலாம்னுதான் பாத்தேன். 'எம் மக வருவா, ஆனா அவ பேசி முடிக்காம நீங்க சொல்ல முடியாது'ன்னு ஒங்கம்மா அன்னைக்கே சொல்லிட்டுத்தான் போனாக. நேத்து அந்தப் பக்கமா யாவாரத்துக்குப் போனப்ப விசாரிச்சேன். புள்ளை நல்லா இருக்கு. சட்டையப் போட்டு மூணு நாளாச்சாம், போட்டதுல இருந்து வாய மூடவே இல்லையாம். தெருவுல ஒருத்தருக்கும் தூக்கமில்ல, மகேஸ்வரி மட்டும் சிரிச்ச மொகமா உக்காந்துருக்கு."